ஒரு வீட்டுக்கு ஒரு கூப்பன்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. எல்லாருக்கும் அவள் கத்தரி. முதலில் கத்தரிக்கோல் என்றுதான் வைத்தார்கள். கூப்பிட நீளமாக இருக்கிறதென்று பாதியில் வெட்டிவிட்டார்கள். செய்தித்தாள், துண்டு நோட்டீஸ், சோப்புப் பெட்டியின் அட்டை என்று எதில் கூப்பன் இருந்தாலும் அவள் கை சும்மா இருக்காது. சாப்பாட்டு இடைவேளையில் மற்றவர்கள் காலை நீட்டிச் சாய்ந்திருக்கும்போது, இவள் யூனிஃபார்ம் பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்துப் புள்ளிக்கோடு பிசகாமல் வெட்டிக்கொண்டிருப்பாள்.

வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அதற்குள் கூப்பன்கள் தேதிவாரியாக நின்றன. நாள் முடியப்போகிறவை முன்னால், அவகாசம் உள்ளவை பின்னால். முழு விலை கொடுத்துச் சோப்பு வாங்கி ஒன்பது வருஷம் ஆகிறது என்று சொல்லிக்கொள்வாள். மகள் வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படிப்பே இந்த டப்பாவை நம்பித்தான் நடக்கிறது என்பது கத்தரியின் கட்சி. அவள் கணவன் பஸ் டிப்போவில் மெக்கானிக். அவனுக்கு அதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. ஆனால் மனைவியிடம் வாய் கொடுத்து மாட்டிக்கொள்ளும் அளவுக்கு விவரம் கெட்டவனும் இல்லை.

முக்குச் சாலையில் இருந்த பெரிய கடையில் வாரத்துக்கு ஒரு கூப்பன் கொடுப்பார்கள். வாசலில் ஒரு மெஷின். உறுப்பினர் அட்டையை அதில் தேய்த்தால் சீட்டு வரும். அந்தச் சீட்டுக்கு எந்த ஐந்து சாமானையும் பாதி விலையில் எடுத்துக்கொள்ளலாம். முன்பெல்லாம் அட்டைக்கு ஒரு சீட்டு என்று இருந்தது. ஒரே வீட்டில் ஐந்து பேர் ஐந்து அட்டை வாங்கி வண்டி வண்டியாக அள்ளிப்போனதைப் பார்த்து, வயிறு எரிந்து, கடை மேலிடத்துக்கு இரண்டு பக்கம் புகார் எழுதிப் போட்டவர்களில் கத்தரியும் ஒருத்தி. அதன் பிறகுதான் புது விதி வந்தது: ஒரு வீட்டுக்கு ஒரு கூப்பன். தன்னால் வந்த விதி என்றே அவள் நினைத்துக்கொண்டாள்.

விதி வந்த முதல் திங்கட்கிழமை, வேலை முடிந்து மூன்றரை மணிக்குக் கடைக்குப் போய் அட்டையைத் தேய்த்தாள். சீட்டு வரவில்லை. இந்த வீட்டுக்கான கூப்பன் வழங்கப்பட்டுவிட்டது என்று எழுத்து வந்தது. துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தாள். மறுபடியும் அதே எழுத்து.

வாடிக்கையாளர் மேஜையில் இருந்த சூப்பர்வைசர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. கூப்பன் தகராறு என்றாலே அவள் மேஜைக்குத்தான் வரும். முடிந்துபோன தேதியைப் பேனாவால் திருத்திக்கொண்டு வருகிறவர்கள், அடுத்தவர் சீட்டை அள்ளிக்கொண்டு வருகிறவர்கள் என்று எல்லாரையும் பார்த்துப் பழகியவள். கத்தரி போட்ட சத்தத்துக்கு அவள் அசரவில்லை. கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, அதே விலாசத்தில் இன்னொரு அட்டை இருக்கிறது, காலை எட்டு ஐந்துக்குச் சீட்டு எடுத்திருக்கிறார்கள் என்றாள். எங்கள் வீட்டில் நானும் அவரும்தான், அவருக்குக் கடைப் பக்கம் வரவே அலுப்பு என்றாள் கத்தரி. சூப்பர்வைசர் திரையைப் பார்த்தபடியே ஒரு கணம் தயங்கினாள். பிறகு, சொல்லக்கூடாதுதான் என்று தணிந்த குரலில் ஆரம்பித்து, வாங்கிய சாமான்களைப் படித்தாள். பால் பாக்கெட், பிள்ளைகளுக்கான பற்பசை, தலைக்கு ரிப்பன், கலர் பென்சில், பதினோரு வயதுக்கான கவுன்.

"எங்க வீட்ல குழந்தையே இல்லம்மா" என்றாள் கத்தரி.

வீட்டுக்கு நடக்கும்போது அவளுக்கு வேறு ஒரு கணக்கு ஓடியது. குழந்தை இருக்கிறது. விலாசம் இந்த வீடு. வாங்குகிறவள் இன்னொருத்தி. அப்படியென்றால் மெக்கானிக்குக்குச் சின்ன வீடு ஒன்று இருக்கிறது, சின்ன வீட்டுக்காரி பெரிய வீட்டு விலாசத்தையே கொடுத்திருக்கிறாள். இரண்டு நாள் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சட்டைப் பைகளைத் துழாவினாள். மூன்றாம் நாள் நேராகவே கேட்டுவிட்டாள். அவன் முதலில் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டான். இன்னொரு குடும்பத்தை வைத்துக்கொள்ள எனக்கு நேரமும் கிடையாது, தெம்பும் கிடையாது, நீ கொடுக்கிற கைச்செலவுக் காசில் ஒரு ரிப்பன்கூட வாங்க முடியாது என்றான். கடைசிக் காரணம் அவளுக்குச் சரியாகப்பட்டது.

அடுத்த திங்கட்கிழமை ஷிப்ட் மாற்றிக்கொண்டு, கடை திறக்கும் முன்பே மெஷின் பக்கத்தில் போய் நின்றாள்.

எட்டு மணி தாண்டி ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயதுக்குள் இருக்கும். ஒல்லி. முழங்கை வரைக்கும் வெள்ளையாக மாவு படிந்திருந்தது. பக்கத்துத் தெரு பேக்கரியில் விடியற்காலை ஷிப்ட் முடிந்து வருகிறாள் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. அட்டையைத் தேய்த்துச் சீட்டை எடுத்து நான்காக மடித்தாள். கத்தரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதன்பின் நடந்ததைக் கடையில் வேலை செய்கிறவர்கள் ரொம்ப நாள் பேசினார்கள். கத்தரி கேட்காத கேள்வி இல்லை. நீ யார், என் வீட்டு விலாசம் உனக்கு எப்படி வந்தது, யாரை ஏமாற்றப் பார்க்கிறாய் என்று அடுக்கிக்கொண்டே போனாள். அந்தப் பெண் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை. சூப்பர்வைசர் வந்து இரண்டு பேரையும் மேஜைக்கு அழைத்துப்போய், அந்த விலாசத்தில் நீங்கள் குடியிருக்கிறீர்களா என்று அவளிடம் கேட்டாள்.

"நான் இல்ல" என்றாள் அவள். "என் பொண்ணு இருக்கா."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கத்தரி பையிலிருந்து வாடகை ஒப்பந்தத்தையும் மின்சாரக் கட்டண ரசீதையும் எடுத்து மேஜையில் வைத்தாள். தயாராகத்தான் வந்திருந்தாள். மூன்று வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறேன், மூன்றாம் மாடி, இரண்டு அறை, ஒரு சமையலறை, பக்கத்தில் சாமான் வைக்கிற சின்ன அறை, இதில் உன் பொண்ணு எங்கே இருக்கிறாள் என்று கேட்டாள். அந்தப் பெண் ஒப்பந்தத்தைப் பார்க்கவில்லை. கத்தரியின் முகத்தைப் பார்த்தாள், ரொம்ப நாளாகப் பார்க்க வேண்டும் என்று இருந்த ஒருத்தரைப் பார்ப்பதுபோல.

அவளிடம் காட்டுவதற்கு எந்தக் காகிதமும் இல்லை. விதிப்படி அவள் அட்டையை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. சூப்பர்வைசர் கேட்டதும் அவளே எடுத்துக் கொடுத்தாள். மூலையெல்லாம் மழுங்கி, நம்பர் பாதி அழிந்துபோன அட்டை. கிளம்பும் முன் மடித்த சீட்டைக் கத்தரியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"அப்ப இனிமே நீங்க பாத்துக்குங்க" என்றாள். "செருப்பு தேஞ்சு போச்சு, பதினோரு வயசு அளவுல ஒண்ணு வாங்கணும். பால் மட்டும் வாராவாரம் வேணும்."

கத்தரி அந்தச் சீட்டுக்கு எண்ணெய், துணி சோப்பு, டீத்தூள், பற்பசை, பினாயில் வாங்கினாள். ஜெயித்த வழக்கு. சலவைக்கூடத்தில் ஆளுக்கொரு முனையாகப் போர்வை மடிக்கும்போது நடந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பாவம், மூளை கலங்கினவள் போலிருக்கிறது என்றும் சொன்னாள். எதிர்முனையைப் பிடித்திருந்தவள் மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் குழந்தை யாராம் என்று கேட்டாள். கத்தரி போர்வையை உதறி அடுத்த மடிப்புக்குப் போனாள்.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் இல்லை. மூன்றாவது வாரம், அவள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து பல் பிரஷ் வைக்கும் டம்ளரைப் பார்த்தாள். வீடு காலை ஆறு மணியிலிருந்து பூட்டிக் கிடந்தது. மணி மூன்றே முக்கால். அவளுடைய பிரஷ் ஈரமாக இருந்தது. நுரைகூடச் சரியாகக் கழுவப்படவில்லை. குழாய் ஒழுகியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு டம்ளரைத் தள்ளி வைத்தாள். மறுநாளும் ஈரமாக இருந்தது.

பிறகு பால். காய்ச்சி மூடி வைத்துவிட்டுப் போன பாத்திரத்தில் சாயங்காலம் ஒரு டம்ளர் அளவு குறைந்திருக்கும். ஆடை கலையாமல் ஓரமாக விலகியிருக்கும், குழந்தைகள் ஆடை பிடிக்காமல் ஒதுக்கிவிட்டுக் குடிப்பார்களே, அந்த மாதிரி. நீங்களா குடித்தீர்கள் என்று மெக்கானிக்கைக் கேட்டாள். நான் உன்னைக் கேட்கலாம் என்று இருந்தேன் என்றான் அவன்.

அவனுடைய வீட்டுச் செருப்பும் இடம் மாறிக்கொண்டிருந்தது. கனமான ரப்பர் செருப்பு, பத்தாம் நம்பர். காலையில் வாசல் கதவோரம் கழற்றிவிட்டுப் போவான். சாயங்காலம் வந்து பார்த்தால் சாமான் அறை வாசலில் கிடக்கும், ஒன்று நேராக, மற்றது கவிழ்ந்து. எலி இழுத்திருக்கும் என்றான். இழுக்கிற எலிக்கு இவ்வளவு பெரிய செருப்பு எதற்கு என்று அவள் கேட்டதும் இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது.

அவளுக்குக் கடையில் நடந்தது நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. ஒவ்வொரு திங்களும் மெஷினிலிருந்து சீட்டை எடுக்கும்போது, இனிமேல் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற குரலும் கூடவே வந்தது. ஆனால் அதைக் கணவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தாள்.

கடைசியில் பேச்சை எடுத்தது அவன்தான். டிப்போவில் ஒரு டயரைத் தூக்கி முதுகு பிடித்துக்கொண்டதால் இரண்டு நாள் லீவு போட்டுப் படுத்திருந்தான். இரண்டாம் நாள் கத்தரி வீட்டுக்கு வந்தபோது கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். உட்காரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். விளக்கும் போட்டிருந்தான், வெளியே இன்னும் நல்ல வெயில்.

"நீ நடுவுல ஒரு தடவை வந்துட்டுப் போனியா?" என்று கேட்டான்.

இல்லை என்றாள்.

"மணி ரெண்டு இருக்கும். என் செருப்பு நடந்துச்சு."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அவன் மெதுவாக, வரிசையாகச் சொன்னான், ஓடாமல் நின்ற வண்டியைப் பற்றி டிப்போவில் அறிக்கை சொல்வதுபோல. வாசலிலிருந்து ஆரம்பித்ததாம் சத்தம். கால் சின்னது, செருப்பு பெரிசு. அதனால் ஒவ்வொரு அடிக்கும் செருப்பு தரையில் சப்பென்று விழுந்தது. இடது கால் மட்டும் விழவில்லை, இழுபட்டது. ஒரு சப், ஒரு இழுப்பு. கூடத்தைத் தாண்டி, இந்த அறைக் கதவைத் தாண்டி, சமையலறைப் பக்கம் போனது. கதவு திறந்துதான் இருந்தது. அவன் கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். யாரும் கடந்து போகவில்லை. வந்துவிட்டாயா என்று இவன் குரல் கொடுத்தான். சத்தம் உடனே நின்றது.

"நின்னுட்டு?"

"கொஞ்ச நேரம் அப்படியே நின்னுச்சு. அப்புறம் செருப்பக் கழட்டிட்டு வெறுங்கால்ல போயிடுச்சு. என்னைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு நெனச்ச மாதிரி."

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தார்கள். கத்தரி சமையலறைக்குப் போனால் அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனான். அப்போதுதான் கடையில் நடந்ததை, அந்தப் பெண் கடைசியாகச் சொன்னதை, ஒரு வார்த்தை விடாமல் அவனிடம் சொன்னாள். அவன் திட்டவில்லை. அவளைத் தேடிப் பிடி என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் முதலில் சூப்பர்வைசரிடம் போனாள். அவள் இவளை எதிர்பார்த்திருந்தவள்போல எழுந்து, மேஜைக்குப் பின்னால் இருந்த சின்ன அறைக்குக் கூட்டிப்போனாள். அட்டையை ரத்து செய்யும் முன் பழைய பட்டியல் முழுவதையும் தான் பார்த்ததாகச் சொன்னாள். பதினோரு வருஷத்துப் பட்டியல். முதல் வருஷம் பிள்ளைக்கான துணி, கிலுகிலுப்பை. இரண்டாம் வருஷம் நடை பழகும் செருப்பு. அப்புறம் நாலு மாசத்துக்கு ஒன்றுமே இல்லை. பிறகு மறுபடி தொடங்கியிருக்கிறது, ஒரு வயது கூட்டி. மூன்று வயதுச் செருப்பு, நான்கு வயதுச் செருப்பு, படம் போட்ட எழுத்துப் புத்தகம், தண்ணீர் பாட்டில். ஒரு வருஷம்கூட விட்டுப்போகவில்லை.

"தனக்குன்னு ஒரு சோப்புகூட வாங்கல" என்றாள் சூப்பர்வைசர்.

பேக்கரியில் அந்தப் பெண் பின்கட்டில் நின்று ரொட்டிகளை மெழுகுத்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். கத்தரியைப் பார்த்தும் அவள் கை நிற்கவில்லை. ஒரு மடிப்பு, திருப்பு, இன்னொரு மடிப்பு என்று போய்க்கொண்டே இருந்தது. துணி மடிக்கிற கத்தரிக்கு அந்த வேகம் பிடித்திருந்தது. சண்டை போட்ட வாயோடு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"பாலு குடிக்கிறாளா?" என்று அந்தப் பெண்ணே கேட்டாள்.

கத்தரி பக்கத்தில் கிடந்த மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

ரொட்டிக்கார அம்மா கதையைச் சுருக்கமாகத்தான் சொன்னாள். அந்த வீட்டில்தான் பிள்ளை பிறந்தது. இடது கால் கொஞ்சம் சோடை, இழுத்து நடப்பாள். இரண்டு வயதில் ஒரு காய்ச்சல் வந்து மூன்றாம் நாள் போய்விட்டாள். நாலு மாசம் கழித்து ஒரு மத்தியானம் சாமான் அறையிலிருந்து நடக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் தாயும் பிள்ளையும் அங்கேயே இருந்தார்கள். வாடகை கட்ட முடியாமல் காலி செய்ய வேண்டிய நாள் வந்தது.

"நான் விட்டுட்டுப் போகலீங்க. கூப்பிட்டேன். படியில நின்னு கூப்பிட்டேன். அவ படி திரும்புற எடம் வரைக்கும் வந்தா, அதுக்கு மேல வரல. அவளுக்கு அந்த வீடு ஒண்ணுதான் தெரியும்."

அதனால்தான் விலாசத்தை மாற்றவே இல்லை. வாராவாரம் சாமான் வாங்கி, மூன்றாம் மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில் இருந்த மின்சார மீட்டர் அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டுப் போவாள். அடுத்த வாரம் வந்து பார்த்தால் புதுசு இருக்காது. பழசு இருக்கும். காலிப் பால் பாக்கெட் நான்காக மடித்திருக்கும்.

பயமாக இல்லையா என்று கத்தரி கேட்டாள்.

"மொதல்ல இருந்துச்சு. அப்புறம் அதுக்கு எங்க நேரம்? வளர்ற புள்ள, ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொண்ணு பத்தாமப் போவுது." ரொட்டியைச் சுற்றி அடுக்கில் வைத்தாள். "இந்த மூணு வருஷம் உங்களுக்கு ஏதாவது தொந்தரவு இருந்துச்சா? இருந்திருக்காது. அவளுக்கு வேண்டியது எல்லாம் கெடச்சுக்கிட்டு இருந்துச்சு. யாரோட பொருளையும் தொட மாட்டா. இப்ப தொடுறான்னா, வேற வழி இல்லாமத்தான்."

கத்தரி வீட்டுக்குத் திரும்பும்போது படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றாள். மூன்று வருஷமாகக் கடந்துபோன அலமாரி. ஒரு நாளும் திறந்ததில்லை. கொக்கியை விலக்கினாள். மேலே மீட்டர்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அடித்தட்டில் தூசி கனமாகப் படிந்திருந்தது, நடுவில் மட்டும் அடிக்கடி கை பட்டதுபோல் சுத்தமாக இருந்தது. அங்கே ஒரு ஜோடிச் செருப்பு இருந்தது. சின்னது. குதிகால் பக்கம் பத்து வயது என்று அச்சிட்டிருந்த எழுத்து பாதி அழிந்திருந்தது. வலது செருப்பு லேசாகத் தேய்ந்திருந்தது. இடது செருப்பின் வெளி ஓரம் தேய்ந்து தேய்ந்து, தாள் மாதிரி ஆகி, ஒரு இடத்தில் ஓட்டையே விழுந்திருந்தது. ஒரு வருஷம் முழுக்க யாரோ அதைப் போட்டுக்கொண்டு நடந்திருந்தால்தான் அப்படித் தேயும். பக்கத்தில் ஒரு குட்டைப் பென்சில், சீவிச் சீவி விரல் நுனி அளவுக்கு வந்தது.

அவள் அதைத் தொடவில்லை. கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தாள். அன்றைக்குப் பாலை இரண்டு பாத்திரத்தில் காய்ச்சினாள். ஒன்றில் ஆடையை எடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை கத்தரியும் ரொட்டிக்கார அம்மாவும் ஒன்றாகக் கடைக்குப் போனார்கள். புது அட்டை தர வேண்டும் என்றால், அதே வீட்டைச் சேர்ந்தவர்தான் என்று குடியிருப்பவர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றாள் சூப்பர்வைசர். படிவத்தை நீட்டினாள். உறுப்பினர், உறவு, வயது என்று மூன்று கட்டம். கத்தரி தன்னையும் கணவனையும் எழுதினாள். ஹாஸ்டலில் இருக்கும் மகளை எழுதினாள். ரொட்டிக்கார அம்மாவை எழுதி, உறவு என்ற இடத்தில் அக்கா என்று போட்டாள். தான் போன மாசம் இதே கடையில் கையைப் பிடித்து நிறுத்திய ஆள்தான். யாரும் சிரிக்கவில்லை.

ஐந்தாவது வரியில் பேனா நின்றது. அவள் படிவத்தைத் திருப்பி அந்தப் பக்கம் தள்ளினாள். ரொட்டிக்கார அம்மா மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தானே எழுதினாள். மகள், பதினொன்று. எழுதி முடித்து, எழுத்து சரியாக இருக்கிறதா என்று ரொம்ப நேரம் பார்த்தாள். சூப்பர்வைசர் தலையை நிமிர்த்தாமல் ஐந்து பேரையும் கம்ப்யூட்டரில் ஏற்றினாள்.

ஆனால் விதி மாறவில்லை. வீட்டுக்கு ஒரே சீட்டுத்தான், சீட்டுக்கு ஐந்து சாமான்தான். அதனால் சண்டை ஓயவில்லை, வாராவாரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தது. ஐந்தில் மூன்று சாமான் பிள்ளைக்கு, இரண்டு சாமான் வீட்டுக்கு என்று பேசி முடித்திருந்தார்கள். எண்ணெய் தீர்ந்துபோன வாரத்தில் கத்தரி ஒப்பந்தத்தை மீறப் பார்ப்பாள். பென்சில் பெட்டி இப்போதே எதற்கு என்பாள். பள்ளிக்கூடம் போகிற வயசு இல்லையா என்பாள் மற்றவள். எந்தப் பள்ளிக்கூடம் என்று கத்தரி கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டுவிடுவாள். ரொட்டிக்கார அம்மா இப்போது மீட்டர் அலமாரியில் வைப்பதில்லை. வீட்டுக்குள்ளேயே வந்து, சாமான் அறையில் வைத்துவிட்டு, கதவை ஒருக்களித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்திருப்பாள். அந்த நேரத்தில் கத்தரியும் மெக்கானிக்கும் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள். உள்ளே ஒரு குரல்தான் கேட்கும். ஆனால் நடுநடுவே நிறுத்தி நிறுத்திப் பேசும், பதிலுக்குக் காத்திருந்து பேசுவதுபோல.

பிரஷ் ஈரமாகவில்லை. மெக்கானிக்கின் செருப்பு விட்ட இடத்தில் கிடந்தது. ஆனால் சத்தம் நின்றுவிடவில்லை. பிள்ளைக்கு இப்போது யாரிடமும் கூச்சமில்லை. சாயங்காலம் ஆறு மணி ஆனால் அளவான செருப்பில் கூடத்தைக் குறுக்கே கடந்து போவாள். ஒரு சப், ஒரு இழுப்பு. முதல் சில வாரம் கத்தரிக்குக் கையில் இருப்பது அப்படியே நின்றுவிடும். பிறகு காலைக் கொஞ்சம் ஒதுக்கி வழி விடப் பழகிக்கொண்டாள்.

எட்டு மாசம் கழித்து டிப்போவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மெக்கானிக் ஆறு வருஷத்துக்கு முன் குவார்ட்டர்ஸ் கேட்டு மனு போட்டிருந்தான், போட்டதையே மறந்துவிட்டான். இப்போது ஒதுக்கியிருந்தார்கள். மூன்று அறை, சொந்த மொட்டைமாடி, தண்ணீர் நாள் முழுக்க, வாடகை கிடையாது. பதினைந்து நாளில் சம்மதம் சொல்ல வேண்டும். கூடத்தில் உட்கார்ந்து அவன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தான். சாயங்காலம் ஆறேகால் இருக்கும். சாமான் அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்த சத்தம், வாடகை கிடையாது என்ற இடத்தில் நின்றது.

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கூடத்தில் அவர்களைத் தவிர யாரும் இல்லை. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரின் சத்தம் மட்டும் இருந்தது. சத்தம் நின்ற இடம் நாற்காலிக்கு இரண்டடி தள்ளி இருக்கும். அங்கே தரை மட்டும் குளிர்ந்திருப்பதுபோல் கத்தரிக்குப் பாதத்தில் உறைத்தது.

அவள் மனசு கணக்குப் போடத்தான் செய்தது. அது அவள் குணம். இருபது வருஷத்துக்கு வாடகை மிச்சம், மகள் படிப்பு, முதுகு வலிக்கிறவன் வேலைக்கு நடந்தே போய்விடலாம். அவள் கணவனைப் பார்த்தாள். அவன் கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த வீட்டை எடுப்பவர்கள் எப்படிப்பட்டவர்களோ என்று இரண்டு பேருமே நினைத்தார்கள், யாரும் சொல்லவில்லை.

"அங்க மூணு படி ஏறினா கூடம், எனக்கு முதுகுக்கு ஆகாது" என்றான் அவன். மூன்று மாடி ஏறித்தான் இப்போது தினமும் வந்துகொண்டிருந்தான்.

கத்தரி எழுந்தாள். வெறும் இடத்தைப் பார்த்துப் பேசக் கூச்சமாக இருந்ததால், அடுப்பை அணைக்கப் போகிறவள்போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நாங்க எங்கயும் போகல."

அடுப்பை அணைத்தாள். பிறகு அவள் முதுகுக்குப் பின்னால், ரொம்பப் பக்கத்தில், ஒரு செருப்பு தரையில் விழுந்தது. அடுத்தது இழுபட்டது. அது சமையலறைக்குப் போகவில்லை. அவள் நின்ற இடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அவசரமில்லாமல், சாமான் அறைக்குள் போனது.